தொடாமல் தூக்குவது எப்படி

உலகத்தில் கனமான பொருள் என்று எதுவும் கிடையாது. சரியாகப் பிடிக்கப்படாத பொருள்தான் உண்டு. உமாபதி இதைப் பல்கலைக்கழக உணவகத்தில் உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி மிகுந்த நிதானத்தோடு சொன்னான். இமயமலை இன்றுவரை இருந்த இடத்திலேயே இருப்பதற்குக் காரணம் அதன் எடையல்ல, அதற்குப் பொருத்தமான கவ்வியை யாரும் செய்யாததுதான் என்றும் சொன்னான்.

கிருஷ்ணமூர்த்தி கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்தக் கவ்விக்கு நட்டு முடுக்கணும்னா ஸ்பானர் என்ன சைஸ் வேணும்?"

"அது செகண்டரி ப்ராப்ளம்," என்றான் உமாபதி.

இது 1974, இலையுதிர் காலம், மேற்கு ஜெர்மனியின் டோர்ட்மண்ட். நாங்கள் மூன்று பேரும் ஒரே மாணவர் விடுதியில் ஒரே மாடியில் இருந்தோம். உமாபதி ஈரோட்டுப் பக்கம், எந்திரப் பொறியியல். கிருஷ்ணமூர்த்தி மாயவரம், இயற்பியல், மற்றும் பசி. நான் வேதியியல். இமயமலை வரைக்கும் பேச்சு போகக் காரணமாக இருந்தவர் வத்சலா.

வத்சலா ஸ்ரீரங்கத்துக்காரர். எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். கட்டடப் பொருள் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக, ரூர் வட்டாரத்துக் காற்று கல்லை எப்படித் தின்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மணற்கல்லைப் பத்துக் கட்டிகளாக அறுத்து, ஆய்வுக்கூடத்தின் பின்முற்றத்தில் மரக்கட்டைகள்மேல் நிறுத்தி, மூன்று குளிர்காலம் அப்படியே வைத்திருந்தார். ஒவ்வொன்றும் அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எஃகு ஆலைகளும் கோக் கரி உலைகளும் ஊதிய புகை படிந்து, தேன் நிறத்தில் வந்த கற்கள் கறுத்துப் போயிருந்தன. அந்த ஊர் வீட்டுப் பெண்கள் இதே கறுப்பை ஜன்னல் விளிம்பிலிருந்து ஈரத்துணியால் துடைத்து எறிவார்கள். வத்சலா அதை வளர்த்தார்.

வளர்ந்து அறுவடைக்கு வந்த நேரத்தில், பின்முற்றத்தைச் சமன் செய்து கார் நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக நிர்வாகம் முடிவு செய்தது. திங்கட்கிழமை காலை உருளை எந்திரம் வரும். அதற்குள் கற்கள் முற்றத்தின் மறுமுனையில் இருக்கும் சோதனைக் கூடத்துக்குள் போய்விட வேண்டும். போகாத கல், கார்களுக்கு அஸ்திவாரம் ஆகும். இதை வத்சலாவின் பேராசிரியர் வருத்தத்தோடு தெரிவித்தார். அவரிடமும் கார் இருந்தது. வத்சலாவின் உதவித்தொகை அடுத்த கோடையோடு முடிகிறது. புதிதாகக் கல் அறுத்து இன்னும் மூன்று குளிர்காலம் காத்திருப்பது என்பது, பட்டம் இல்லாமல் ஸ்ரீரங்கம் திரும்புவது என்பதற்கு இன்னொரு பெயர்.

கிரேன் வண்டி உள்ளே வர முடியாது. கொதிகலன் அறைக்கும் தாவரவியல்காரர்களின் கண்ணாடி வீட்டுக்கும் நடுவே இருந்த பாதை அவ்வளவு குறுகல். தள்ளுவண்டி சேற்றில் புதைந்துவிடும். ஆனால் பக்கத்திலேயே சாக்கடைக்குழாய் பதிக்க ஒரு குட்டி மண்வாரி எந்திரம் வந்திருந்தது. சங்கிலிப் பட்டையில் ஊரும். ஒரு ஆள் உட்கார்ந்தால் எந்திரம் நிறைந்துவிடும். அதை ஓட்டிய திரு. டீக்மன், அந்த ஊர் வழக்கில் ஹெர் டீக்மன், வெள்ளிக்கிழமை பிற்பகலில் வேலை முடியும் நேரம் வரை உதவ ஒப்புக்கொண்டார். மண் அள்ளும் வாளியால் கல்லைத் தூக்க முடியாது. வாளியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

"அத எங்கிட்ட விடுங்க," என்று உமாபதி வத்சலாவிடம் சொன்னான்.

"விடறேன். ஆனா ரெண்டு விஷயம். கல்லுல ஓட்டை போடப்படாது. முகத்தை யாரும் கையால தொடப்படாது."

உமாபதி எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஒரு முன்கதை உண்டு.

போன ஆண்டு அந்தக் கற்களைப் பார்க்க நாங்கள் முதன்முதலாகப் போனபோதும், வத்சலா இதையேதான் சொன்னார். குழாயடியில் கைகழுவிவிட்டு, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளியே நின்னுக்கோங்கோ, தொடாதேங்கோ," என்றார். உமாபதி வளர்ந்த வீட்டில் பகுத்தறிவு, காலைக் காபிக்கு முன்னாலேயே பரிமாறப்படும். ஸ்ரீரங்கத்துப் பெண் 'தொடாதே' என்றால் அதற்கு என்ன பொருள் என்று அவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நேராகப் போய் நான்காவது கல்லின் முகத்தில் உள்ளங்கையை அழுத்தமாக வைத்தான். வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றான். வத்சலாவின் முகம் ஒருமாதிரி ஆயிற்று. அடுத்த முறை நாங்கள் போனபோது, அவன் கை பட்ட இடத்தைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது.

"பாத்தியா? தீட்டுப் பட்ட எடத்துக்கு பார்டர் போட்டு வெச்சிருக்காங்க," என்றான் உமாபதி. "ஜெர்மனிக்கு வந்தும் கல்லுக்கு மடி. நான் ஒருத்தன் தொட்டேன் பாரு, அது ஹிஸ்டரி." அன்று இரவு உணவின்போது இந்த வரலாறு இரண்டு தடவை எங்களுக்குச் சொல்லப்பட்டது.

வியாழக்கிழமை நால்வருமாக டிராம் பிடித்து, எந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு கிடங்குக்குப் போனோம். தூக்கும் சாமான்கள் சுவரெங்கும் தொங்கின. பாத்திரக் கடைக்கு வந்த மாமியாரைப்போல உமாபதி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். கடைக்காரர் ஒன்றுக்கும் அவசரப்படுத்தவில்லை.

முதலில் அவர் காட்டியது முளை ஆணிகள். கல்லின் தலையில் இரண்டு துளை போட்டு, ஆணியை இறக்கித் திருகினால் உள்ளே விரிந்துகொள்ளும். கொக்கியை மாட்டித் தூக்கலாம். மிகவும் பாதுகாப்பானது என்றார். துளை போடும் கருவியையும் அன்போடு எடுத்து வைத்தார். வத்சலா அதைப் பார்த்த பார்வையில் அவரே திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்து வெற்றிடத் தட்டு. பெரிய ரப்பர் தட்டைக் கல்லின்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால் கல் ஒட்டிக்கொண்டு மேலே வரும். உமாபதிக்கு ஆசையாக இருந்தது. கிருஷ்ணமூர்த்தி தலையை ஆட்டி மறுத்தான். "சாண்ட்ஸ்டோன்டா. உடம்பு பூரா துவாரம். ஓட்டை விழுந்த குழாய்ல காபி உறிஞ்சற மாதிரி இருக்கும். பாதி வழியில காத்து வாங்கிச்சுன்னா கல்லு உன் கால்ல."

"கல்லு கீழ விழுந்துடுமா?" என்று வத்சலா கேட்டார்.

"கால்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

முள்ளுக்கரண்டிபோல இரண்டு நீண்ட இரும்புகள் இருந்தன. கல்லுக்கு அடியில் செருகித் தூக்க வேண்டும். அதை உமாபதியே தள்ளினான். மண்வாரியின் கை நேராக உயராது, வளைந்துதான் உயரும். கை வளைய முள்ளும் சாயும், முள் சாயக் கல்லும் வழுக்கும் என்றான். சரியாகத்தான் சொன்னான். அவன் முட்டாள் இல்லை. அதுதான் எங்களுக்கு இருந்த சிக்கல்.

வத்சலா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். கல், கல்லுக்கு அடியில், கல்லைவிட நீளமான இரண்டு மரங்கள், மரங்களின் வெளியே நீண்ட முனைகளில் நைலான் வார்கள், மேலே அந்த வார்களை விலக்கிப் பிடிக்க ஒரு குறுக்கு இரும்பு, அதன் நடுவில் கொக்கி.

"வார்கூடக் கல்லுல படாது. மரத்தைத்தான் தூக்கறோம். கல்லு அதும்மேல உக்காந்துண்டு வரும்."

உமாபதி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "ஏனுங்க, இது பல்லக்குங்க."

"ஆமா, பல்லக்குதான்."

"குடை, சாமரம்?"

"அது நீங்க புடிச்சுண்டு வாங்கோ."

கிருஷ்ணமூர்த்தி சிரித்துவிட்டான். உமாபதி சிரிக்கவில்லை. "சாமி புறப்பாட்டுக்கு நான் வரலைங்க. இது டெக்னிகல் விஷயம்." அந்த நேரத்தில் அவன் கண் மூலையில் தொங்கிய கத்தரி இடுக்கியின்மேல் விழுந்தது. அதன்பிறகு அவன் காதில் வேறு எதுவும் விழவில்லை.

அழகான பொருள்தான். பாத்திரம் இறக்கும் இடுக்கியின் பெரியண்ணன். மேலே கொக்கியில் மாட்டித் தூக்கினால் கீழே இரண்டு தாடைகளும் தாமாக நெருங்கும். பாரம் கூடக் கூடப் பிடியும் இறுகும். தாடைகளின் உட்புறம் தடித்த ரப்பர்.

"இதுல ஒரு தத்துவம் இருக்கு," என்றான் உமாபதி. "தன்னோட எடையாலயே கல்லு தன்னைப் புடிச்சுக் குடுத்துடுது. அதுக்கு யாரோட தயவும் வேண்டாம்."

"ரப்பர் முகத்துல படுமே?" என்றார் வத்சலா.

"ரப்பருங்க. மெத்துனு இருக்கும். தொட்டுப் பாருங்க."

"மெத்துனு இருந்தாலும் தொடறதுதானே? அந்தக் கறுப்பு..."

"கறுப்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நான் கேரண்டி."

வத்சலா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு, "அப்போ ரெண்டும் இருக்கட்டும். இடுக்கியும், வாரும் குறுக்கு இரும்பும்," என்று கடைக்காரரிடம் ஜெர்மனில் சொன்னார். உமாபதி பெருந்தன்மையோடு தலையசைத்தான்.

திரும்பும் வழியில் வத்சலா ஒரு நிறுத்தம் முன்னதாக டிராமிலிருந்து இறங்கிக்கொண்டார். அவர் இறங்கியதுமே உமாபதி ஆரம்பித்தான். "ரப்பர்கூடப் படக்கூடாதாம். ஏண்டா மூர்த்தி, ரப்பர் என்ன ஜாதி?"

"மரத்துலேர்ந்து வருது. சைவம்தான்," என்றான் கிருஷ்ணமூர்த்தி. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மடியில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் முற்றத்தில் கூடினோம். கடைக்காரர் வண்டியில் அனுப்பிய சாமான்கள் வந்து இறங்கியிருந்தன. பார்த்துப் பார்த்து அன்றைக்கென்று வத்சலாவுக்கு உதவித்தொகை அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் கொடுத்த நேரத்துக்குப் போகாவிட்டால், அடுத்த நேரம் கிடைப்பதற்குள் உதவித்தொகையே முடிந்துவிடும். கோட்டைப் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

"முதல்ல அந்த உடைஞ்ச கல்லுல பண்ணிப் பாருங்கோ," என்றார். ஆய்வுக்கு உதவாது என்று ஒதுக்கிய பதினோராவது கல் ஒன்று மூலையில் இருந்தது. உறைபனியில் அதன் ஒரு மூலை வெடித்திருந்தது. மற்றபடி அதுவும் மூன்று குளிர்காலம் பார்த்த கல்தான். "அப்பறம் உங்களுக்கு எது சரின்னு படறதோ அதையே பண்ணுங்கோ, உமாபதி. நான் திரும்பி வர நேரமாகும். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

கிண்டலாகத்தான் சொல்கிறாரோ என்று உமாபதி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். கிண்டல் இல்லை. அது அவனைக் கொஞ்சம் தடுமாற வைத்தது போலிருந்தது. "சரிங்க," என்று மட்டும் சொன்னான்.

இடுக்கியை மாட்டினோம். அதைத் தூக்கி மாட்டவே மூன்று பேர் வேண்டியிருந்தது. உடைந்த கல்லுக்கு முன்னால் தரை சொதசொதவென்று இருந்ததால், எந்திரத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல் தள்ளி நிறுத்தி, கையை முழுதாக நீட்டித் தூக்கச் சொன்னான் உமாபதி. ஹெர் டீக்மன் ஒரு புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் நெம்புகோலை இழுத்தார். கல் அசையவில்லை. எந்திரத்தின் பின்பக்கம் மெதுவாக, மரியாதையாக, தரையைவிட்டு எழுந்தது. ஹெர் டீக்மன் ஒரு கையில் நெம்புகோலும் மறு கையில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியுமாக வானத்தை நோக்கி உயர்ந்தார். உயர்ந்த இடத்திலிருந்து எங்களை ஒருமுறை பார்த்தார். ஒரு வாய் கடித்தார். பிறகு நெம்புகோலை விட்டார். எந்திரம் பொத்தென்று கீழே உட்கார்ந்தது.

"இது எதிர்பார்த்ததுதான்," என்றான் உமாபதி.

"எதிர்பார்த்தேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அந்த மனுஷன் ரொட்டியக் கீழ வெச்சிருப்பார்," என்றான் கிருஷ்ணமூர்த்தி.

பலகை போட்டு எந்திரத்தைக் கிட்டக் கொண்டுவந்தோம். கையை மடக்கி, உடலோடு ஒட்டித் தூக்கியபோது கல் எழுந்தது. தாடைகள் இறுகின. ஆட்டமில்லை, அசைவில்லை. எந்திரம் முற்றத்தில் ஒரு சுற்று போய்த் திரும்பி வந்து, கல்லைப் பழைய இடத்திலேயே, பழைய கட்டைகள்மேல், பூப்போல வைத்தது. ஹெர் டீக்மன் கட்டைவிரலை உயர்த்தினார். நாங்களும் கை தட்டினோம். உமாபதி யாருக்கோ பேட்டி கொடுப்பவன்போல நெஞ்சை நிமிர்த்தினான். "கனமான பொருள்னு எதுவும்..."

இடுக்கி விலகியது. கல்லின் இரண்டு பக்கத்திலும், தாடை பிடித்த இடத்தில், உள்ளங்கையைவிடப் பெரிய சதுரம் ஒன்று பளிச்சென்று தேன் நிறத்தில் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்தால் அடியில் தெரியுமே, அப்படி. கறுப்பு எங்கே என்று தேடவேண்டியதில்லை, ரப்பரில் இருந்தது. தோசைக்கல்லில் ஒட்டிய மேல்பொருக்குபோல, மெல்லிசாக, மொத்தமாக.

உமாபதி ரப்பரை விரல்நகத்தால் சுரண்டினான். கறுப்புச் செதில் ஒன்று வந்தது. அதை எடுத்துப்போய்க் கல்லில் வைத்து அழுத்தினான். விழுந்தது. எங்களைப் பார்க்காமல் விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, மறுபடி ஒட்டிப் பார்த்தான்.

"ஒட்டுதா?" என்றான் கிருஷ்ணமூர்த்தி.

"இல்ல."

"அவங்க அளக்கப் போறது அதைத்தான்டா," என்றான் கிருஷ்ணமூர்த்தி. "கல்லை இல்ல. அந்தத் தோல் எவ்வளவு கனம், அதுக்கடியில கல்லு எவ்வளவு தூரம் அரிச்சிருக்குன்னு. நம்ம கைல இருக்கற எண்ணெய், உப்பு பட்டாலே கணக்கு மாறிடுமாம். அதுக்குத்தான் கை கழுவறதும் கையுறையும்."

உமாபதி எழுந்து நான்காவது கல்லிடம் போனான். நாங்களும் பின்னால் போனோம். சாக்குக்கட்டி வட்டத்தை மழை அரித்திருந்தது. யாரோ அதன்மேல் புதிதாக மறுபடி வரைந்திருந்தார்கள். வட்டத்துக்குள் கறுப்பு அங்கங்கே உதிர்ந்து, ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு கை தெளிவாகத் தெரிந்தது. குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"இந்த வட்டம்?"

"இந்த இடத்த அளக்க வேண்டாம்னு அடையாளம்," என்றான் கிருஷ்ணமூர்த்தி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷமே அவங்ககிட்டக் கேட்டேன்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீ சமூகப் புரட்சி பண்ணிட்டிருந்த. நடுவுல பூந்து பேசறது மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

உமாபதிக்குக் காது சிவந்தது. திரும்பி ஹெர் டீக்மனிடம் போனான்.

அவர் அதற்குள் முதல் கல்லுக்கு எதிரே எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பத்துக் கல்லும் இப்படியே முடித்தால் சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம் என்ற உற்சாகம் அவருக்கு. இடுக்கியைக் கழற்ற வேண்டும் என்றதும் முகம் மாறியது. நன்றாகத்தானே வேலை செய்தது, ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டார். கல்லைத் தொடக்கூடாது என்றான் உமாபதி. கல்லைத் தொடாமல் கல்லை எப்படித் தூக்குவதாம் என்றார் டீக்மன். கல்லைத் தூக்கப்போவதில்லை, மரத்தைத் தூக்கப்போகிறோம், கல் அதன்மேல் உட்கார்ந்து வரும் என்றான். டீக்மன் எங்கள் இருவரையும் பார்த்தார், இவனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்பதுபோல. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொடக்கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டார்.

உமாபதி சற்றுத் தயங்கினான். "விதிமுறை," என்றான் ஜெர்மனில்.

டீக்மனின் முகம் தெளிந்தது. "அதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று சொல்லியபடி ரொட்டியைப் பையில் வைத்துவிட்டு, எந்திரத்திலிருந்து இறங்கி, தானே இடுக்கியைப் பூட்டியிருந்த ஆணியைத் தட்டிக் கழற்றினார்.

மரம் வேண்டும் என்றதும் சாக்கடைக் குழிக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வைத்திருந்த மரங்களில் இரண்டைக் கொடுத்தார். கற்கள் நடுவில் இரண்டு கட்டைகளின்மேல் நின்றதால், ஓரங்களில் அடியில் இடைவெளி இருந்தது. சேற்றில் வயிறு படப் படுத்து, உமாபதி மரங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். எங்களை விடவில்லை. "நீ இடிச்சுருவ," என்றான் என்னிடம். கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை. பார்த்தது போதுமானதாக இருந்தது. முனைகளில் வாரை மாட்டி, குறுக்கு இரும்பில் கோத்து, கொக்கியில் கொடுத்தோம். படத்தில் வத்சலா வார்களை வரைந்திருந்த கோணம் எனக்குச் சரியாக நினைவில்லை. உமாபதிக்கு இருந்தது. கடையில் அந்தத் தாளைப் பல்லக்கு என்று சொன்னவன், அதைக் கவனமாகத்தான் பார்த்திருக்கிறான்.

முதல் கல் தரையைவிட்டு ஒரு சாண் எழுந்தது. இந்த முறை எந்திரத்தின் பின்பக்கம் கீழேயே இருந்தது. அந்த இடுக்கியின் எடை இல்லாததால் எந்திரத்துக்கும் மூச்சு வந்திருந்தது. ஆனால் இடுக்கி பிடித்ததுபோலக் கெட்டியாக இல்லை. கல் லேசாக ஆடியது. உமாபதி மரத்தின் முனையில் கயிறு ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். எந்திரம் ஊர்ந்தது. அவன் கல்லைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். கண்ணாடி வீட்டையும் கொதிகலன் அறையையும் தாண்டி, கூடத்துக்குள் வைத்திருந்த கட்டைகளின்மேல் கல் இறங்கியது. மரத்தை உருவிக்கொண்டு திரும்பி வந்தோம். அடுத்தது.

தூறல் பிடித்துக்கொண்டது. கிருஷ்ணமூர்த்தி ஒரு தடவை, "குடை யாராவது..." என்று ஆரம்பித்தான். உமாபதி, "வேண்டாம்," என்றான். அத்தோடு நின்றது.

வத்சலா திரும்பி வந்தபோது முற்றத்தில், உடைந்த கல் நீங்கலாக, மூன்றே கற்கள் இருந்தன. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கூடத்துக்குள் வரிசையாக நின்ற கறுப்புக் கற்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"இடுக்கி என்னாச்சு?"

"வெயிட் ஜாஸ்திங்க," என்றான் உமாபதி, கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தபடி. "மெஷினோட கெபாசிட்டில நாலுல ஒரு பங்க அதுவே தின்னுடுது. டெக்னிகலா பாத்தா இதுதான் கரெக்ட்."

"ஓ," என்றார் வத்சலா. அவர் பார்வை மூலையில் இருந்த உடைந்த கல்லுக்குப் போய், அதன் தேன் நிறச் சதுரத்தில் ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது. "ஆபீஸ்ல ஆறு மாசம் நீட்டிச்சுத் தரேன்னுட்டா. கல்லு இருந்தா."

"இருக்குங்க."

அடுத்தது, உமாபதி அதுவரை தள்ளிப்போட்டு வந்த நான்காவது கல். தூறலோடு காற்றும் சேர்ந்திருந்தது. கண்ணாடி வீட்டின் திருப்பத்தில் காற்று சற்று வலுவாக அடிக்க, தொங்கிய கல் மெல்லத் திரும்பி, பக்கத்தில் நடந்த கிருஷ்ணமூர்த்தியை நோக்கி வந்தது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவனும் செய்தான்; இரண்டு கையையும் அதைத் தாங்குவதற்கு நீட்டினான். நானும் நீட்டினேன் என்று நினைக்கிறேன்.

"மூர்த்தி," என்றான் உமாபதி. குரலை உயர்த்தவில்லை. "கை."

கிருஷ்ணமூர்த்தி கையை இழுத்துக்கொண்டு சேற்றில் பின்வாங்கினான். கல் அவன் கோட்டுப் பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்று, தயங்கி, கயிற்றின் இழுப்புக்குத் திரும்பியது. டீக்மன் எந்திரத்தை நிறுத்தியிருந்தார். காற்று அடங்கும்வரை அவர் காத்திருந்தார். உமாபதி கயிற்றைத் தளரவிட்டு, இரண்டடி விலகி, நின்றுபோன கல்லை நான்கு பக்கமும் பார்த்தான். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். துடைக்க ஒன்றும் இல்லாததால் உதறினான். வந்து கயிற்றை எடுத்துக்கொண்டு, ஹெர் டீக்மனுக்குத் தலையசைத்தான்.